பால் கட்டியா, புற்றுநோயா? கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் மார்பில் கட்டி வந்தால்

"பால் கட்டியிருக்கும்மா, சுடுதண்ணி ஒத்தடம் குடு, பிள்ளைக்கு அந்தப் பக்கமே முதல்ல குடு, சரியாயிடும்." பிள்ளை பெற்ற வீட்டில் இதைச் சொல்லாத அம்மாவும் இல்லை, மாமியாரும் இல்லை. பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரிதான். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் பயாப்ஸி (கட்டியிலிருந்து திசு எடுத்துச் சோதிப்பது) வரை போகிற கட்டிகளிலேயே சுமார் 80 சதவீதம் சாதாரணக் கட்டிகள்: பால் தேங்கிய கட்டி, ஃபைப்ரோஅடினோமா என்ற நார்த்திசுக் கட்டி, சீழ்க்கட்டி, பால் சுரப்பிகள் திரண்ட கட்டி. மீதி உள்ளவைதான் பிரச்சினை. தொட்டுப் பார்த்தால் அவையும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

கர்ப்பத்தின்போதோ பிரசவமாகி ஓராண்டுக்குள்ளோ கண்டுபிடிக்கப்படும் மார்பகப் புற்றுநோயை மருத்துவர்கள் தனி வகையாகப் பார்க்கிறார்கள். சுமார் 3,000 கர்ப்பங்களுக்கு ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அரிதுதான். ஆனால் வருபவர்களுக்குத் தாமதமாகத் தெரியவருகிறது, காரணம் உடம்பே அதை மறைத்துவிடுகிறது. கர்ப்பத்தில் மார்பகம் பெருத்து, இறுகி, முடிச்சு முடிச்சாக மாறும். இரண்டு சென்டிமீட்டர் கட்டி அதற்குள் ஒளிந்துகொள்ள இடம் தாராளமாக இருக்கிறது. கர்ப்பிணி மாதாமாதம் செக்கப்புக்குப் போகிறார். எடை, ரத்த அழுத்தம், குழந்தையின் இதயத் துடிப்பு எல்லாம் பார்க்கிறார்கள். மார்பைத் தொட்டுப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. முதல் செக்கப்பிலேயே, மார்பகம் மாறத் தொடங்கும் முன், "மார்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் டாக்டர்" என்று நாமே கேட்டுவிடுவது நல்லது.

இரண்டு வாரம்

பால் கொடுக்கிறவர்கள் கட்டியைச் சோதிக்கச் சரியான நேரம், குழந்தை குடித்து முடித்து மார்பு காலியான உடனே. மல்லாந்து படுத்து, அந்தப் பக்கக் கையைத் தலைக்கு மேல் தூக்கி, மறு கையின் நடு மூன்று விரல்களின் தட்டையான பகுதியால் வட்டமாக அழுத்திப் பாருங்கள். விரல் நுனியால் கிள்ளிப் பார்த்தால் எல்லாமே கட்டியாகத்தான் தெரியும். அக்குளையும் விட்டுவிடாதீர்கள். பால் கட்டியது என்றால் குடித்தபின் சிறுத்திருக்கும், அல்லது இடமாவது மாறும், ஒரு வாரத்தில் கரையும். காலியான பிறகும் அதே இடத்தில், அதே அளவில் நிற்கிற கட்டி இரண்டு வாரத்தைத் தாண்டினால் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். வலி இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது.

மார்பு சிவந்து, வீங்கி, சூடாக இருந்தால் பால் கட்டிய அழற்சி என்று ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். அது சரியான முதல் படி. 7 முதல் 10 நாள் மருந்து முடிந்தும் சிவப்பு இறங்கவில்லை என்றால் இன்னொரு ஆன்டிபயாடிக்குக்கு மாறி மீண்டும் காத்திருப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அந்தக் கட்டத்தில் அல்ட்ராசவுண்ட் வேண்டும். தோல் ஆரஞ்சுப் பழத் தோல்போலப் புள்ளி புள்ளியாகத் தடித்திருந்தால் தோலிலிருந்தும் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அழற்சி வகைப் புற்றுநோய் இப்படித்தான் வரும். பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது, தனிக் கட்டியாகவும் தட்டுப்படாது.

கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிரசவமான முதல் நாட்களிலும் இரண்டு காம்பிலிருந்தும் துரு நிறத்தில் ரத்தம் கலந்து கசியலாம். சில நாளில் நின்றுவிடும். ஒரே பக்கம், ஒரே துளையிலிருந்து, நிற்காமல் வந்தால் பார்க்க வேண்டும். குழந்தை திடீரென்று ஒரு பக்கத்தை மட்டும் தொடர்ந்து மறுப்பதற்குக் காரணங்கள் பல. அந்தப் பக்கத்தில் கட்டியும் சேர்ந்திருந்தால் அலட்சியம் வேண்டாம்.

ஸ்கேன், மேமோகிராம், பயாப்ஸி

முதலில் அல்ட்ராசவுண்ட். அதில் கதிர்வீச்சு கிடையாது, நீர்க்கட்டியா திடக்கட்டியா என்பது உடனே தெரியும். பால் தேங்கிய கட்டி என்றால் ஊசியால் உறிஞ்சும்போது பால் வந்து கட்டி அங்கேயே மறைந்துவிடும். சந்தேகம் இருந்தால் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே. கர்ப்பிணிக்கு மேமோகிராமா என்று திருப்பி அனுப்பிவிடும் இடங்கள் உண்டு. வயிற்றை மறைத்து எடுக்கும்போது கருவைச் சென்றடையும் கதிர்வீச்சு 0.01 மில்லிகிரேயைத் தாண்டுவதில்லை. கருவுக்குக் கேடு வரலாம் என்று கருதப்படும் அளவு 50 மில்லிகிரேக்கு மேல். பால் கொடுப்பவர்கள் மேமோகிராமுக்கு முன்பு குழந்தைக்குக் கொடுத்தோ பிழிந்தோ மார்பைக் காலி செய்துகொண்டு போனால் படம் தெளிவாக வரும்.

கர்ப்பத்தில் எம்.ஆர்.ஐ.க்குக் கடோலினியம் மருந்து ஏற்றுவதைத் தவிர்க்கிறார்கள், அது நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும். பிரசவத்துக்குப் பிறகு அந்தத் தடை இல்லை. தாய்ப்பாலில் கலப்பது ஏற்றியதில் 0.04 சதவீதத்துக்கும் குறைவு என்பதால் பால் கொடுப்பதை நிறுத்தவும் தேவையில்லை.

நம் ஊரில் கட்டி என்றதும் மெல்லிய ஊசியால் குத்தும் எஃப்.என்.ஏ.சி. சோதனைக்குத்தான் முதலில் எழுதித் தருவார்கள். கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவருக்கும் அது போதாது என்பது என் உறுதியான கருத்து. இந்த நேரத்தில் பால் சுரப்பிச் செல்கள் வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும். தனித்தனிச் செல்லாகப் பார்த்தால் சாதாரண செல்லும் புற்றுசெல் போலத் தெரியும், புற்றுசெல்லைச் சாதாரணம் என்றும் எழுதிவிடலாம். கோர் பயாப்ஸி என்ற தடித்த ஊசிச் சோதனையில் (பெரும்பாலும் 14 கேஜ்) திசு இழையாக வரும், அமைப்பு அப்படியே தெரியும். மரப்பு ஊசி போட்டு, அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி செய்வார்கள். கர்ப்பத்தில் லிக்னோகெய்ன் மரப்பு மருந்து பாதுகாப்பானது. ஆய்வகப் படிவத்தில் "கர்ப்பிணி, இத்தனை வாரம்" அல்லது "தாய்ப்பால் கொடுக்கிறார்" என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஒரே வரிதான், அது இல்லாவிட்டால் திசுவைப் பார்க்கும் நிபுணருக்கு நிலைமை தெரியாமல் போகும்.

பால் கொடுப்பவருக்குப் பயாப்ஸி செய்த துளை வழியே பால் கசிந்துகொண்டே இருக்கும் சிக்கல் அரிதாக வரும். குத்துவதற்குச் சற்றுமுன் மார்பைக் காலி செய்வதும், முடிந்ததும் அழுத்திக் கட்டுவதும் அதைக் குறைக்கும். பயாப்ஸிக்காகப் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டு வரச் சொல்லி வாரக்கணக்கில் தள்ளிப்போடுவது தேவையற்றது.

அறிக்கையில் பார்க்க வேண்டியவை: எந்த கிரேடு (செல்கள் எவ்வளவு முரட்டுத்தனமானவை), ஈ.ஆர்., பி.ஆர். (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (புற்றுசெல்லை வளரத் தூண்டும் புரதம்), கே.ஐ.-67 (செல்கள் பெருகும் வேகம்). இந்த வயதில் உயர் கிரேடும், ஹார்மோன் ஏற்பி இல்லாத வகையும் அதிகம். பரம்பரை மரபணுவான பி.ஆர்.சி.ஏ. சோதனையும் கேட்டு வாங்குங்கள். வெறும் ரத்தச் சோதனைதான், கர்ப்பத்திலேயே செய்யலாம்.

பரவியிருக்கிறதா என்று பார்க்க வயிற்றை மறைத்து நெஞ்சு எக்ஸ்ரே, கல்லீரலுக்கு அல்ட்ராசவுண்ட், எலும்பில் சந்தேகம் என்றால் மருந்து ஏற்றாத எம்.ஆர்.ஐ. பெட் ஸ்கேனும், எலும்பு ஸ்கேனும், வயிற்று சி.டி.யும் பிரசவத்துக்குப் பிறகு. ரத்தத்தில் அல்கலைன் பாஸ்ஃபடேஸ் ஏறியிருந்தால் பயப்படாதீர்கள். நஞ்சுக்கொடியே அதைச் சுரக்கும்.

குழந்தையைக் கலைக்க வேண்டுமா?

எல்லா வீட்டிலும் முதலில் எழும் கேள்வி இது. கருவைக் கலைத்தால் தாயின் ஆயுள் கூடும் என்று ஆய்வுகள் எதுவும் காட்டவில்லை. அதே நிலையில் உள்ள கர்ப்பமில்லாத பெண்ணுக்குக் கிடைப்பதற்கு நெருக்கமான சிகிச்சையைக் கர்ப்பிணிக்கும் கொடுக்க முடியும். நிஜமான சங்கடம் முதல் மூன்று மாதத்தில், வேகமாக வளரும் புற்றுநோய் இருக்கும்போது வருகிறது. கீமோ உடனே வேண்டும், ஆனால் கரு உறுப்புகள் உருவாகும் கட்டத்தில் இருக்கிறது. அங்கே கலைப்பதா, அறுவை செய்துவிட்டு 14 வாரம் வரை பொறுப்பதா என்பது அந்தப் பெண் எடுக்க வேண்டிய முடிவு. இந்தியச் சட்டத்தில் 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், குறிப்பிட்ட வகையினருக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தும் போதும். 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டுமே வேண்டும். கணவர் கையெழுத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

வாரக் கணக்கு

கர்ப்பத்தில் சிகிச்சை என்பது முழுக்க காலண்டர் வேலை. எதை எந்த வாரத்தில் செய்யலாம் என்பது தெரிந்தால் பயத்தில் பாதி குறையும்.

அறுவை சிகிச்சை எந்த மாதத்திலும் செய்யலாம், நான்காம் மாதத்துக்கு மேல் இன்னும் வசதி. 20 வாரத்துக்கு மேல் என்றால் மேசையில் இடப்பக்கம் சற்றுச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக் குழாயை அமுக்கித் தாயின் ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். கர்ப்பமும் புற்றுநோயும் இரண்டுமே ரத்தத்தை உறைய வைப்பவை, அதனால் ஹெப்பாரின் ஊசி பற்றிக் கேளுங்கள். புற்றுநோய் பரவினால் முதலில் போய்ச்சேரும் அக்குள் நிணநீர் முடிச்சைக் கண்டுபிடிக்க நம் மருத்துவமனைகளில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை அதிகம் பயன்படுத்துகிறார்கள். கர்ப்பிணிக்கு அது வேண்டாம். டெக்னீசியம் கதிரியக்க மருந்தைக் குறைந்த அளவில் பயன்படுத்தலாம். கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும், ஆனால் அதில் குழந்தைக்குப் போகும் கதிர்வீச்சு மிகச் சொற்பம்.

மார்பகத்தைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் எடுத்தால் பிறகு ரேடியேஷன் கட்டாயம், அதைக் கர்ப்பத்தில் கொடுக்கக் கூடாது. நடுவில் கீமோ இருந்தால் ரேடியேஷன் தானாகவே பிரசவத்துக்குப் பின் தள்ளிப்போகும். ஆகவே கர்ப்பம் என்ற ஒரே காரணத்துக்காக மார்பகம் முழுவதையும் எடுக்க வேண்டும் என்பதில்லை. முதல் மூன்று மாதத்தில், கீமோவும் தேவையில்லாத நோய் என்றால் மட்டும் இடைவெளி நீண்டுவிடும். அப்போது முழுதாக எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

கீமோ 14 வாரத்துக்கு முன் கூடாது. முதல் மூன்று மாதத்தில் கொடுத்தால் பிறவிக் குறைபாடு 15 முதல் 20 சதவீதம் வரை போகும். 14 வாரத்துக்குப் பின் கொடுத்தவர்களில் அது சுமார் 3 சதவீதம், எல்லாக் கர்ப்பத்திலும் இருக்கும் அளவுதான். அதிகம் கொடுக்கப்படுவது டாக்ஸோரூபிசினும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும்: உடல் பரப்பு சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராமும் 600 மில்லிகிராமும், 21 நாளுக்கு ஒருமுறை, நான்கு தவணை. கர்ப்பிணியின் எடை ஏறிக்கொண்டே போகும், எனவே ஒவ்வொரு தவணைக்கும் புதிதாக எடை பார்த்து அளவைக் கணக்கிட வேண்டும். குழந்தைக்குப் பயந்து அளவைக் குறைப்பது தாய்க்குக் கேடு. குழந்தைக்கும் அதில் நன்மை இல்லை.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 16 வாரத்தில் நோய் உறுதியாகிறது. 18 வாரத்தில் அறுவை. காயம் ஆறி 21, 24, 27, 30 வாரங்களில் நான்கு தவணை. அடுத்த மருந்தான பாக்லிடாக்செலை (வாரம் ஒருமுறை, சதுர மீட்டருக்கு 80 மில்லிகிராம்) 33 வாரத்தில் தொடங்கிச் சிலவற்றை 35 வாரத்துக்குள் கொடுக்கலாம், இல்லை முழுவதையும் பிரசவத்துக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். 35 வாரத்தோடு நிறுத்துவதற்குக் காரணம் ரத்த அணுக்கள். கீமோவுக்குப் பிறகு தாய்க்கும் குழந்தைக்கும் வெள்ளையணுக்கள் இறங்கும். கடைசிக் கீமோவுக்கும் பிரசவத்துக்கும் நடுவே மூன்று வாரம் இருந்தால் மீண்டுவிடும். 38 வாரத்தில் பிரசவம். சுகப்பிரசவமே ஆகலாம், புற்றுநோய்க்காகச் சிசேரியன் தேவையில்லை. நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். பிரசவமான இரண்டு மூன்று வாரத்தில் மீதிக் கீமோ, ஹெர்-2 இருந்தால் அதைக் குறிவைக்கும் ட்ராஸ்டுஸுமாப் ஊசி, அடுத்து ரேடியேஷன், ஈ.ஆர். இருந்தால் ஹார்மோனைத் தடுக்கும் தமாக்சிஃபென் மாத்திரை.

கடைசியாகச் சொன்ன இந்த மூன்றையும் கர்ப்பத்தில் தொடவே கூடாது. ட்ராஸ்டுஸுமாப் பனிக்குட நீரை வற்ற வைக்கும், தமாக்சிஃபென் பிறவிக் குறைபாடு தரும்.

குழந்தையைச் சீக்கிரம் வெளியே எடுத்துவிட்டுத் தாய்க்குச் சிகிச்சை தொடங்கலாமே என்று 32, 33 வாரத்தில் அவசரப்படுகிறார்கள். இதை நான் வன்மையாக மறுப்பேன். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரெடெரிக் அமான் குழுவினர், தாய்க்குக் கர்ப்பத்தில் புற்றுநோய் வந்த 129 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2015ல் வெளியிட்ட ஆய்வில், கீமோவுக்கு ஆளான குழந்தைகளின் வளர்ச்சியும் இதயமும் மற்றக் குழந்தைகளைப் போலவே இருந்தன. அறிவு வளர்ச்சியில் பின்தங்கியதோடு தொடர்புடையது குறைமாதப் பிறப்புதான். வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குச் சொத்து.

கீமோ நாட்களில்

ஒவ்வொரு தவணைக்கு முன்பும் ரத்த எண்ணிக்கை, குழந்தையின் வளர்ச்சி ஸ்கேன், பனிக்குட நீர் அளவு. டாக்ஸோரூபிசினுக்கு முன் எக்கோ என்ற இதய ஸ்கேன், அதுவும் அல்ட்ராசவுண்ட்தான். டாக்ஸோரூபிசின் சிவப்பு நிற மருந்து, ஏற்றிய ஓரிரு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் கர்ப்பிணி ரத்தப்போக்கு என்று நினைத்துக் கதிகலங்கிப் போவார். வெள்ளைத் துணியை வைத்துப் பாருங்கள். சிறுநீர் கழிக்காத நேரத்திலும் துணியில் கறை பட்டால் அது ரத்தம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாந்திக்கு ஆன்டன்செட்ரான் கொடுப்பார்கள். அதோடு கர்ப்பகால இரும்புச் சத்து மாத்திரையும் சேர்ந்தால் மலச்சிக்கல் கடுமையாக இருக்கும். முதல் நாளே அதற்கும் மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கீமோவோடு போடும் ஸ்டீராய்டு ஊசி ரத்தச் சர்க்கரையை ஏற்றும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் கர்ப்பகாலச் சர்க்கரைச் சோதனையை அந்த நாட்களில் வைத்தால் இல்லாத சர்க்கரை நோய் இருப்பதாகக் காட்டும். கீமோ முடிந்த 7 முதல் 14 நாள்வரை வெள்ளையணு மிகக் குறைந்திருக்கும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் பாராசிட்டமால் போட்டு விடியும்வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள். இரவானாலும் கிளம்பிவிட வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகு

கீமோ, ட்ராஸ்டுஸுமாப், தமாக்சிஃபென் நடக்கும்போது தாய்ப்பால் கொடுக்க முடியாது, மருந்து பாலில் கலக்கும். பாலை நிறுத்த, பிரசவமான முதல் நாளிலேயே கேபர்கோலின் 1 மில்லிகிராம் ஒரே தடவை. பால் ஊறிய பிறகு என்றால் 0.25 மில்லிகிராம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டு நாள். ரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்களுக்கு இது கூடாது. மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டும் பழக்கத்தால் தீங்கில்லை, ஆனால் அறுவைக் காயத்தின் மேலோ ரேடியேஷன் பட்ட தோலின் மேலோ கட்டாதீர்கள். சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. எடை குறைந்த குழந்தை என்றால் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். அறுவை மட்டும் முடிந்து மருந்து இன்னும் தொடங்காதவர்கள் மறுபக்கத்தில் தாராளமாகக் கொடுக்கலாம்.

கர்ப்பத்தில் வந்த புற்றுநோயைவிடப் பிரசவத்துக்குப் பின் சில ஆண்டுகளில் வருவது கடுமையாக நடந்துகொள்கிறது. பால் சுரப்பிகள் வேலை முடிந்து சுருங்கும்போது மார்பகத்துக்குள் காயம் ஆறுவது போன்ற மாற்றங்கள் நடக்கின்றன. அந்தச் சூழலில் புற்றுசெல்கள் பரவ வழி கிடைக்கிறது என்பது அமெரிக்காவில் பெப்பர் ஷெடின் குழுவின் ஆய்வுகள் காட்டியது. 15 ஆய்வுகளைச் சேர்த்து 2019ல் வெளியான கணக்கின்படி, பிள்ளை பெற்றவர்களின் ஆபத்து பெறாதவர்களைவிடக் கூடி, பிரசவமான சுமார் 5 ஆண்டில் உச்சத்தைத் தொடுகிறது. ஆகவே பிள்ளைக்கு மூன்று, நான்கு வயதாகிவிட்டது, இனி இது எனக்கில்லை என்று கட்டியை விட்டுவிடக் கூடாது. இதைப் படித்துவிட்டுத் தாய்ப்பால் கொடுப்பதால்தான் வருகிறது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 12 மாதம் பால் கொடுத்தால் ஆபத்து 4.3 சதவீதம் குறைகிறது என்று 30 நாடுகளின் தரவுகளை வைத்து 2002லேயே கணக்கிட்டிருக்கிறார்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை எடுப்பவர்கள் ரேஷன் கார்டில் பெயர் எங்கே இருக்கிறது என்று முதல் வாரமே பாருங்கள். புதிதாகக் கல்யாணமானவர்களின் பெயர் அம்மா வீட்டுக் கார்டிலும் இல்லாமல், கணவர் வீட்டுக் கார்டிலும் ஏறாமல் நடுவில் நிற்கும். அதைச் சரிசெய்ய ஆகும் நாட்கள் கீமோ தேதியைத் தள்ளிவிடும்.

சிகிச்சை நடக்கும்போது மறுபடி கர்ப்பமாகாமல் இருக்கக் காப்பர் டி அல்லது ஆணுறை. கருத்தடை மாத்திரையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசியும் ஹார்மோன் மருந்துகள், வேண்டாம். மாதவிலக்கு வரவில்லை என்பதை நம்பி விட்டுவிடக் கூடாது. கீமோவில் நின்றுபோன மாதவிலக்கு சொல்லாமல் திரும்பிவிடும்.

அடுத்த குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு வழி மூடிவிடவில்லை. ஈ.ஆர். உள்ள, 42 வயது வரையிலான 516 பெண்கள் 18 முதல் 30 மாதம் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டு, பிறகு கர்ப்பத்துக்காக இரண்டு ஆண்டு வரை நிறுத்திய, 'பாசிட்டிவ்' என்று பெயரிட்ட ஆய்வு 2023ல் வெளியானது. மூன்று ஆண்டில் நோய் திரும்பியது 8.9 சதவீதம், நிறுத்தாத ஒப்பீட்டுக் குழுவில் 9.2 சதவீதம். தமாக்சிஃபெனை நிறுத்தி மூன்று மாதமும், ட்ராஸ்டுஸுமாப் கடைசி ஊசியிலிருந்து ஏழு மாதமும் கழித்துத்தான் முயற்சி செய்ய வேண்டும். குழந்தை பிறந்தபின் விட்ட மாத்திரையை மறுபடி தொடங்கி மீதி ஆண்டுகளை முடிக்க வேண்டும்.